ஆட்டுத்தொட்டியில் சைக்கிள்: பென்டன்வில்லில் ஐந்து நாள்

முதல் நாள், வியாழன் இரவு

வந்து சேர்ந்தாயிற்று. டாலஸிலிருந்து ஐந்தரை மணி நேரம் என்று மேப் காட்டியது. மகளுக்கு இரண்டு முறை பாத்ரூம், எனக்கு மூன்று முறை காபி, அப்புறம் வழியில் ஒரு இடத்தில் எருமை மாதிரி ஏதோ தெரிகிறது என்று அவள் கத்தியதால் ஒரு நிறுத்தம், இப்படி ஏழு மணி நேரம் ஓடிவிட்டது. ஓக்லஹோமா முழுக்க ஒரே சமதரை, கண்ணைக் கட்டிக்கொண்டே ஓட்டலாம். செக்கோட்டாவில் ஐ-40 நெடுஞ்சாலையைப் பிடித்து, அர்கன்சாவுக்குள் நுழைந்து, ஆல்மாவில் ஐ-49இல் வடக்கே திரும்பிய பிறகுதான் மலை ஆரம்பிக்கிறது. பாபி ஹாப்பர் சுரங்கப்பாதை வந்ததும் பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். வெளியே வந்தால் இரண்டு பக்கமும் காடு. நடுநடுவே ரெட்பட் மரங்கள் ஊதாவும் ரோஸும் கலந்த நிறத்தில் பூத்து நிற்கின்றன.

எதற்கு இந்தப் பயணம் என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருப்பது டாலஸுக்கு வடக்கே ஒரு சின்ன ஊர். வீட்டுக்குப் பின்னால் ஓடை. அதன் கரையோரமாக மூன்று மைல் சைக்கிள் பாதை போட்டால் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கே ஓட்டிக்கொண்டு போகலாம் என்று ஏழெட்டு குடும்பங்கள் சேர்ந்து நகராட்சிக் கூட்டத்தில் பேசினோம். ஆளுக்கு மூன்று நிமிடம். நல்ல யோசனை, பணம் எங்கே என்று கேட்டார்கள். எங்களில் ஒருவர் "பென்டன்வில்லைப் பாருங்கள்" என்றார். அர்கன்சாவில் சைக்கிள் பாதைகளுக்குப் பேர்போன ஊர் அது. மேடையில் இருந்த ஒருவர் சிரித்துவிட்டு, "அங்கே வால்மார்ட்டை உண்டாக்கிய வால்டன் குடும்பம் இருக்கிறது, நமக்கு யார் இருக்கிறார்கள்?" என்றார். கூட்டமும் சேர்ந்து சிரித்தது. எனக்கு அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் காதிலேயே இருந்தது. சரி, பணக்காரர் இருப்பதுதான் ஒரே வித்தியாசமா என்று நேரில் பார்த்துவிடுவோம் என்று கிளம்பிவிட்டேன்.

தங்கியிருப்பது கல்லூரி நண்பன் வீட்டில். திருச்சிக்காரன், ஆறு வருஷமாக இங்கே. இந்த ஊரில் தமிழர் என்றால் முக்கால்வாசிப் பேருக்கு வால்மார்ட் தலைமை அலுவலகத்தைச் சுற்றிய கணினி வேலைதான். இவனும் அப்படித்தான். 2010 கணக்கெடுப்பில் 35,301 பேர் இருந்த ஊர், 2020இல் 54,164 ஆனதில் இவன் குடும்பமும் அடக்கம். உலகமே சைக்கிள் ஓட்ட வரும் ஊரில் ஆறு வருஷம் இருந்துவிட்டு ஒரு நாள்கூடச் சைக்கிளில் ஏறாத ஆள் இவன். "மச்சி, திருச்சியில ஓட்டுனது போதாதா" என்கிறான். அவன் மனைவிதான் ஓட்டுகிறாள். வாசலில் தொங்கும் ஹெல்மெட்டில் காய்ந்த சேறு.

இரண்டாம் நாள், வெள்ளி

காலையில் வாடகைக் கடை. சின்ன வயதில் மணிக்கு ஒரு ரூபாய் கொடுத்து வாடகை சைக்கிள் எடுத்துக் குரங்குப் பெடல் போட்டவன் நான். இங்கே ஒரு நாள் வாடகை கேட்டதும் கை தானாகப் பர்ஸை மூடிக்கொண்டது. ஆனால் வண்டியைத் தொட்டுப் பார்த்தால் புரிகிறது, முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர், அகலமான டயர், ஒரு பட்டனைத் தட்டினால் சீட் கீழே இறங்குகிறது. நம்ம ஊர் பைக்கைவிட விலை அதிகம்.

நண்பன் மனைவி லீவு போட்டுவிட்டு வழிகாட்ட வந்தாள். "அண்ணா, முதல்ல பச்சை வட்டம் போட்ட பாதையில மட்டும் வாங்க. நீலக் கட்டம் அப்புறம். கறுப்பு வைரம் பக்கமே போகாதீங்க." பனிச்சறுக்கு மலைகளில் போடும் குறிகளையே இங்கேயும் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு பிரிவிலும் ஒரு கம்பம், பாதையின் பெயர், குறி, எந்தப் பக்கம் போக வேண்டும் என்ற அம்பு. மேப்பே தேவைப்படவில்லை. இதற்கெல்லாம் பெரிய செலவில்லை என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

ஊரின் நடுவில் உள்ள சதுக்கத்தில் ஆரம்பித்தோம். அங்கே சிவப்பு வெள்ளைத் திரை போட்ட ஒரு சின்னக் கடை, வால்மார்ட்டைத் தொடங்கிய சாம் வால்டன் 1950இல் நடத்த ஆரம்பித்த ஐந்து-பத்து சென்ட் கடை, இப்போது மியூசியம். அங்கிருந்து சில நிமிடம் மிதித்தால் காட்டுக்குள் இருக்கிறோம். எனக்குப் பெரிய ஆச்சரியம் இதுதான். மலைச் சைக்கிள் என்றால் காரில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு ஐம்பது மைல் போய் இறக்கி ஓட்டுவது என்றுதான் நினைத்திருந்தேன். இங்கே காபிக் கடையிலிருந்து மண் பாதைக்கு நேராகப் போய்விடலாம்.

முதல் பாதைத் தொகுப்பின் பெயர் ஸ்லாட்டர் பென். தமிழில் சொன்னால் ஆட்டுத்தொட்டி. மகளிடம் சொன்னேன், "அப்போ நாம ஆடா?" என்றாள். அரை மணி நேரம் கழித்து எனக்கும் அதே சந்தேகம் வந்தது.

சிங்கிள்டிராக், சிங்கிள்டிராக் என்று இவர்கள் பெருமையாகச் சொல்வது நம்ம ஒற்றையடிப் பாதைதான். ஆனால் ஆடு மாடு நடந்து உண்டானது கிடையாது, இன்ச் இன்ச்சாகத் திட்டம் போட்டு வெட்டியது. வளைவுகளில் வெளிப்பக்கம் மண்ணைச் சுவர் மாதிரி சாய்த்து எழுப்பியிருக்கிறார்கள், பெர்ம் என்று பெயர். திருவிழா மரணக் கிணற்றில் பைக் சுற்றுமே, அதே வித்தை, சின்ன அளவில். பிரேக்கை விட்டுவிட்டுச் சாய்ந்தால் சைக்கிள் தானாகத் திரும்பிவிடுகிறது. விடத்தான் மனசு வர வேண்டும்.

இந்த மண் பாதைகளுக்கு நடுவே ஒரு தார்ப் பாதை வந்து சேர்கிறது, ரேசர்பேக் கிரீன்வே. தெற்கே ஃபேயட்வில்லிலிருந்து ஸ்பிரிங்டேல், ராஜர்ஸ் என்று ஊர் ஊராகத் தொட்டுக்கொண்டு பென்டன்வில் வழியாக வடக்கே போகிறது. 2015 மே மாதம் திறந்தபோது 36 மைல். இதன் பணக் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், நான் வந்ததே இதற்காகத்தான். மொத்தச் செலவு சுமார் 3.8 கோடி டாலர். மைலுக்குப் பத்து லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் 1.5 கோடி டாலர் மத்தியப் போக்குவரத்துத் துறையிலிருந்து 2010இல் டைகர் என்ற திட்டத்தில் வந்தது. இன்னொரு 1.5 கோடி வால்டன் குடும்ப அறக்கட்டளை. அதாவது பணக்காரர் தனியாகத் தூக்கிக் கொடுக்கவில்லை. நீ ஒன்று போட்டால் நான் ஒன்று போடுகிறேன் என்ற கணக்கு. அரசாங்கப் பணத்துக்கு மனுப் போடுகிற ஊர் கையில் பாதிக் காசோடு போய் நின்றால் மனு மேலே வரும். அந்தப் பாதிக் காசு யாரிடமிருந்து வந்தது என்பது வேறு கேள்வி. அதைவிட எனக்கு ஆச்சரியம், இத்தனை ஊர் நகராட்சிகள் ஒரே பாதைக்கு ஒத்துக்கொண்டதுதான். எங்கள் ஊரும் பக்கத்து ஊரும் ஒரு சிக்னல் விளக்குக்கே இரண்டு வருஷம் சண்டை போட்டன.

மதியம் கிரிஸ்டல் பிரிட்ஜஸ் மியூசியம். சாம் வால்டனின் மகள் ஆலிஸ் உண்டாக்கியது, 2011 நவம்பர் 11இல் திறந்தது, மோஷே சாஃப்டி என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த கட்டடம். ஓடைக்கு மேலேயே பாலம் மாதிரி கட்டியிருக்கிறார்கள். பொது அனுமதி இலவசம். காட்டுப் பாதையிலிருந்து நேராக வந்து சைக்கிளை நிறுத்திவிட்டு, சேற்று ஷூவோடு உள்ளே போனோம். காவலாளி முகம்கூடச் சுளிக்கவில்லை. வெளியே பெரிய வெண்கலச் சிலந்தி, லூயிஸ் பூர்ஷ்வா என்ற சிற்பி செய்தது. மகள் அதன் காலுக்கடியில் புளியோதரை சாப்பிட்டாள்.

வீடு திரும்பும்போது ஒரு நாற்சந்தியில் ஸ்டாப் பலகை. நான் காலை ஊன்றி நின்றேன், நண்பன் மனைவி வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். போலீஸ் பிடிக்காதா என்றேன். 2019இலிருந்து இந்த மாநிலத்தில் சைக்கிள்காரர் ஸ்டாப் பலகையில் முழுசாக நிற்க வேண்டியதில்லை, ஆள் வரவில்லை என்றால் போகலாம், சட்டமே அப்படித்தான் என்றாள். டெக்சஸ்காரன் வாயடைத்துப் போனேன்.

மூன்றாம் நாள், சனி

ராத்திரி முழுக்க மழை. இன்றைக்குச் சைக்கிள் இல்லை என்று போர்வையை இழுத்துக்கொண்டேன். ஏழு மணிக்குக் கதவைத் தட்டி, "அண்ணா, இன்னிக்குத்தான் வேலை நாள், மண்ணு பதமா இருக்கும்" என்றாள் நண்பன் மனைவி. இங்கே ஒரு தன்னார்வக் குழு பாதைகளைச் சரி செய்கிறது. இவள் இரண்டு வருஷமாகப் போகிறாள்.

மொத்தம் பதினெட்டுப் பேர். தலைவர் ஓய்வுபெற்ற மனிதர், தொப்பியில் உண்ணிக்கு அடிக்கும் ஸ்ப்ரே வாசனை. முதலில் ஒரு தாளில் பெயர், வந்த நேரம் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போகும்போது போகிற நேரத்தையும் எழுத வேண்டும், மறக்கவே கூடாது என்று மூன்று முறை சொன்னார். எதற்கு இவ்வளவு கெடுபிடி என்று நினைத்தேன்.

கையில் மெக்லியோட் என்று ஒரு கருவி. ஒரு பக்கம் வாருகோல் மாதிரி பல், மறுபக்கம் மண்வெட்டி மாதிரி தட்டை. வேலை என்னவென்றால், மலைச்சரிவில் போகும் பாதையில் டயர் பட்டுப் பட்டு நடுப்பகுதி குழிந்துவிடும். வெளி விளிம்பில் மண் ஒதுங்கி ஒரு குட்டி வரப்பு உண்டாகிவிடும். மழைத் தண்ணீர் சரிவில் இறங்கிப் போக வேண்டியது, இந்த வரப்பில் முட்டிக்கொண்டு பாதையோடு பாதையாக ஓட ஆரம்பிக்கும். அவ்வளவுதான், ஒரே மழைக்காலத்தில் பாதை வாய்க்காலாகிவிடும். வரப்பை வெட்டி, பாதையை லேசாக வெளிப்பக்கம் சாயவிட வேண்டும். அங்கங்கே இறக்கத்துக்கு நடுவில் ஒரு சின்ன ஏற்றம் வைத்துத் தண்ணீரைத் திருப்பிவிட வேண்டும்.

எங்கள் தாத்தா மடை திறந்துவிடுவார். காலால் மண்ணைத் தள்ளித் தண்ணீரை அடுத்த பாத்திக்குத் திருப்பிவிட்டு, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்று பார்ப்பார். நான் ஒரு வரப்பை வெட்டியதும் தேங்கியிருந்த தண்ணீர் கலங்கலாகச் சரிவில் இறங்கியது. கொஞ்ச நேரம் நானும் அப்படியே நின்றேன். தலைவர் வந்து பார்த்துவிட்டு, இதற்கு முன்னால் செய்திருக்கிறீர்களா என்று கேட்டார். எங்கள் ஊரில் இதற்குக் குடிமராமத்து என்று பெயர், ஏரி குளம் வாய்க்காலை ஊர்க்காரர்களே வீட்டுக்கு ஒரு ஆள் என்று வந்து சரி செய்வது, ரொம்பப் பழைய வழக்கம் என்று சொன்னேன். எழுதிக் கொடுங்கள் என்று கேட்டு, அந்தக் கையெழுத்துத் தாளின் பின்பக்கத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டார்.

அந்தத் தாளைப் பற்றியும் அப்போதுதான் சொன்னார். "இது காகிதம் இல்லை, பணம்." மத்திய அரசின் பொழுதுபோக்குப் பாதைத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. காடுமேடுகளில் ஓடும் வண்டிகள் போடுகிற பெட்ரோலுக்கான வரியைக் கணக்கில் வைத்து உண்டாக்கியது. பொதுவாகச் செலவில் 80 சதவீதம் வரை அவர்கள் தருவார்கள், மீதி 20ஐ உள்ளூர்க்காரர்கள் காட்ட வேண்டும். காட்டுவது ரொக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இலவசமாகச் செய்த உழைப்பையும் மணிக்கு இவ்வளவு என்று டாலராக மதிப்புப் போட்டுக் காட்டலாம். அதற்கு ஆதாரம் வேண்டும். யார் வந்தார், எப்போது வந்தார், எப்போது போனார் என்ற தாள்தான் ஆதாரம்.

எனக்கு மண்டையில் யாரோ தட்டியது மாதிரி இருந்தது. எங்கள் ஊர்க் கூட்டத்தில் ஏழெட்டு குடும்பங்கள் போய் நின்றோமே, எங்களிடம் பணம் இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்தோம், நாங்களே அப்படித்தான் நினைத்தோம்.

அவர் இன்னொன்றும் சொன்னார், கொஞ்சம் கசப்பாக. புதுப் பாதை போட யார் வேண்டுமானாலும் பணம் தருவார்கள், ரிப்பன் வெட்டலாம், பெயர்ப்பலகை வைக்கலாம். வடிகால் வெட்ட யார் தருவார்? போட்டோவில் அது தெரியவே தெரியாதே. கோயிலுக்குக் கோபுரம் கட்டித் தருகிறேன் என்று வருகிறவர் நூறு பேர், தினமும் விளக்குக்கு எண்ணெய் ஊற்றுகிறேன் என்று வருகிறவர் ஒருவர். இதை அவரிடம் இங்கிலீஷில் சொல்ல முயன்று தோற்றேன்.

மதியம் வெயில் வந்துவிட்டது. இங்கே மண்ணில் கல் அதிகம், தண்ணீர் சீக்கிரம் வடிந்துவிடுகிறது. கோலர் என்ற இடத்துக்குப் போனோம், சுமார் 300 ஏக்கர் காடு, நடுவில் ஒரு காபிக் கடை. அந்தக் கடைக்குக் காரில் போக முடியாது, நடந்தோ சைக்கிளிலோதான் போக வேண்டும். கார் இல்லாமல் பால் வாங்கக்கூடப் போகாத இந்த நாட்டில் அங்கே உட்கார இடமில்லை, அவ்வளவு கூட்டம்.

காபி குடித்த தெம்பில் நீலக் கட்டத்தில் இறங்கினேன். தப்பு முழுக்க என்னுடையது. மூன்றாவது வளைவில் பயந்து முன் பிரேக்கை அழுத்திவிட்டேன். சைக்கிள் நின்றுவிட்டது, நான் நிற்கவில்லை. முழங்கையில் தோல் உரிந்தது, மானம் கொஞ்சம் கூடுதலாக உரிந்தது, ஏனென்றால் பின்னால் வந்த எட்டு வயசுப் பையன் "யூ ஓகே சார்?" என்று கேட்டுவிட்டு என்னைச் சுற்றிக்கொண்டு குதித்துப் போனான். நண்பன் வீட்டில் மஞ்சள் தேங்காயெண்ணெய் தடவினார்கள். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

நான்காம் நாள், ஞாயிறு

இன்று வடக்கே பெல்லா விஸ்டா. பக்கத்து ஊர்தான், ஆனால் கதை வேறு. 1965இல் ஜான் கூப்பர் என்பவர் ஓய்வுபெற்றவர்களுக்காக உண்டாக்கிய ஊர், கோல்ஃப் மைதானமும் ஏரியுமாக. வீடுகளுக்கு நடுவில் உள்ள பொதுக் காடெல்லாம் மனை உரிமையாளர் சங்கத்துக்குச் சொந்தம். பாதை போட வேண்டுமென்றால் அந்தச் சங்கம் சம்மதிக்க வேண்டும். சம்மதித்தது. 2016இல் பேக் ஃபார்ட்டி என்ற இருபது மைல் சொச்சம் சுற்றுப்பாதை வந்தது, அப்புறம் லிட்டில் சுகர் என்று இன்னும் பெரிய தொகுப்பு.

டனல் விஷன் என்ற பாதையில் ஓட்டினோம். சாலைகளுக்கு அடியில் பெரிய குழாய் போட்டுச் சைக்கிளைக் கடத்துகிறார்கள். ஒன்றிரண்டு இடத்தில் இருக்கும் என்று நினைத்தால் வந்துகொண்டே இருக்கிறது. உள்ளே போகும்போது மகள் ஒவ்வொரு முறையும் "ஊ" என்று கத்தினாள், எதிரொலி கேட்க. மேலே கார் போகிறது, கீழே நாம் போகிறோம், ஒருவருக்கொருவர் தொந்தரவில்லை. பாதையில் அதிகச் செலவு பிடித்தது மண் வேலையா இந்தக் குழாய்களா என்றால் கண்ணை மூடிக்கொண்டு குழாய் என்பேன்.

ஒரு குழாய் வாயில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தபோது எழுபது தாண்டிய ஒருவர் பேட்டரி சைக்கிளில் வந்து நின்றார். கோல்ஃப் ஆட வந்த ஊரில் வேலிக்குப் பின்னால் கண்டவர்களும் போவதா என்று முதலில் எதிர்த்தாராம். இப்போது தினமும் இவரே போகிறார். ஆனாலும் குறை இருக்கிறது. வாரக்கடைசியில் வெளிமாநிலக் கார்கள் வந்து இவர் தெருவரைக்கும் நிற்கின்றன. "விளம்பரம் கொஞ்சம் ஓவராகப் போய்விட்டது" என்றார்.

விளம்பரம் என்றதும் சொல்ல வேண்டும். பென்டன்வில் தனக்குத்தானே "உலகின் மலைச் சைக்கிள் தலைநகரம்" என்று பட்டம் சூட்டிக்கொண்டிருக்கிறது. நம்ம ஊர்ப் போஸ்டரில் வார்டு உறுப்பினருக்கு "தமிழகத்தின் விடிவெள்ளி" என்று போடுவோமே, அந்த ரகம்தான். ஆனால் வேலை செய்கிறது. எல்லா ஊர்ப் பாதைகளையும் சேர்த்து ஓஸ் டிரெயில்ஸ் என்று ஒரே பெயர், ஒரே மேப். நேற்று ஓட்டல் பில்லில் வழக்கமான விற்பனை வரிக்கு மேல் விளம்பரம், ஊர்வளர்ச்சி என்று இன்னொரு சின்ன வரி. அர்கன்சாவில் ஊர்கள் விடுதியிலும் உணவகத்திலும் இந்த வரியைப் போட்டு, அந்தப் பணத்தில் சுற்றுலாவை வளர்க்கலாம். அதாவது என்னை இங்கே இழுத்து வந்த விளம்பரத்துக்குக் காசு நானே கட்டுகிறேன். கெட்டிக்காரர்கள். 2020இல் இன்னும் ஒரு படி மேலே போய், வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் இந்த வட்டாரத்துக்குக் குடிவந்தால் 10,000 டாலரும் ஒரு சைக்கிளும் தருகிறோம் என்று அறிவித்தார்கள். நண்பன் இன்னும் அதை நினைத்துப் பொருமுகிறான். அவன் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டான், ஒரு டியூப்கூடக் கிடைக்கவில்லை.

அவன் பொருமலில் நியாயமும் இருக்கிறது. ராத்திரி சாப்பிடும்போது வாடகைப் பேச்சு வந்தது. வந்தபோது கொடுத்ததற்கும் இப்போது கொடுப்பதற்கும் சம்பந்தமே இல்லை. சதுக்கத்தில் காபி போட்டுத் தருகிற பெண் முக்கால் மணி நேரம் காரோட்டி வருகிறாள். சைக்கிள் ஊரில் வேலை செய்பவர் சைக்கிளில் வர முடியாத தூரத்தில் இருக்கிறார். இதற்குப் பாதை மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன், கம்பெனி வளர்ச்சிதான் முதல் காரணம். ஆனால் பாதைப் பக்கத்து மனை என்று விளம்பரம் போட்டு விற்பதை வரும் வழியெல்லாம் பார்த்தேன்.

2018இல் வால்டன் அறக்கட்டளை ஒரு ஆய்வு வெளியிட்டது. அதுவரை இந்த வட்டாரப் பாதைகளில் தாங்கள் போட்டது 7.4 கோடி டாலர், 2017இல் மட்டும் சைக்கிளால் வட்டாரத்துக்குக் கிடைத்த பலன் 13.7 கோடி டாலர் என்றார்கள். அதில் 8.6 கோடி உடல்நலப் பலன், ஆஸ்பத்திரிச் செலவு மிச்சம் மாதிரி கணக்குகள். பெண் வீட்டாரே பார்த்துச் சொன்ன ஜாதகப் பொருத்தம் என்று நான் கொஞ்சம் தள்ளுபடி போட்டுத்தான் எடுத்துக்கொள்வேன். சாம் வால்டனின் பேரன்கள் டாமும் ஸ்டூவர்ட்டும் சைக்கிள் பைத்தியங்கள், 2017இல் ராஃபா என்ற சைக்கிள் துணிக் கம்பெனியையே வாங்கினார்கள். அவர்களுக்கு டென்னிஸ் பிடித்திருந்தால் இது டென்னிஸ் ஊராகியிருக்கும். ஒரு வீட்டுக்காரர் ஆசையில் ஓடுகிற ஊருக்கு அந்த வீட்டில் அடுத்த தலைமுறைக்கு ஆசை மாறினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு நண்பன் மனைவியிடமும் பதிலில்லை. "அதுக்குத்தான் அண்ணா நாங்க மண்ணு வெட்டுறோம்" என்றாள்.

நிலம் தருகிறவர் விஷயமும் இதே மாதிரிதான். வெர்மான்டில் கிங்டம் டிரெயில்ஸ் என்று பேர்பெற்ற பாதைகள் இருக்கின்றன, பெரும்பாலும் தனியார் நிலம், சம்மதத்தில் ஓடுவது. 2019 டிசம்பரில் மூன்று நிலக்காரர்கள் இனிமேல் சைக்கிள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், பாதை அங்கங்கே அறுந்துபோனது. கூட்டம் அதிகமானதுதான் பிரச்சினை. பெல்லா விஸ்டா தாத்தாவின் தெருவில் நிற்கும் கார்களைச் சும்மா விட்டால் இங்கேயும் கதை அங்கேதான் போகும்.

ஐந்தாம் நாள், திங்கள்

கிளம்பும் நாள். காலையில் லெட்ஜர் என்ற கட்டடத்துக்குப் போனோம். ஆறு மாடி அலுவலகம், 2022இல் திறந்தது. முன்பக்கச் சுவரில் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்தளம், அதில் சைக்கிளை மிதித்துக்கொண்டே ஆறாவது மாடி வரை ஏறலாம். வேலை பார்ப்பவர்கள் மேஜை வரைக்கும் சைக்கிளிலேயே போகலாம் என்பது யோசனை. எனக்கு இது கொஞ்சம் ஜம்பமாகத்தான் பட்டது, லிஃப்ட் எதற்கு இருக்கிறது? ஆனால் மகள் நாலு முறை ஏறி இறங்கினாள். நாலாவது முறை நண்பனும் அவளோடு ஏறினான், ஆம், மனைவி சைக்கிளில், சீட்டை இறக்கிவிட்டு, முட்டி மூக்கில் இடிக்க. இரண்டாவது மாடியில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனான்.

வால்மார்ட்டின் புது வளாகத்தையும் வெளியிலிருந்து பார்த்தோம். 2025 ஜனவரியில் திறந்தது, 350 ஏக்கர். அந்த கிரீன்வே அதன் வழியாகவே போகிறது. அடையாள அட்டை கழுத்தில் ஆட, பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு நம்மாட்கள் இரண்டு பேர் சைக்கிளில் போனார்கள். ஒருவர் பையில் எவர்சில்வர் டிபன் கேரியர் எட்டிப் பார்த்தது.

திரும்பும் வழியில் செக்கோட்டாவில் பெட்ரோல் போட நிறுத்தினேன். அங்கேயே உட்கார்ந்து எங்கள் ஊர்ப் பூங்காத் துறைக்கு ஒரு மெயில் அனுப்பினேன். மூன்று கேள்விதான். ஓடைக்கரை நிலம் யார் பெயரில் இருக்கிறது? பக்கத்து ஊரும் சேர்ந்தால் மாநிலத்துக்கு ஒரே மனுவாகப் போட முடியுமா? நாங்கள் வந்து மண் வெட்டினால் அந்த மணிக்கணக்கை எங்கள் பங்காக எழுதிக்கொள்வீர்களா, அதற்குத் தாள் எந்த வடிவத்தில் வேண்டும்?

முழங்கை இன்னும் எரிகிறது. மகள் தூங்கிவிட்டாள், ஷூவில் சேறு காரெல்லாம் உதிர்ந்து கிடக்கிறது. இன்னும் மூன்று மணி நேரம் ஓட்ட வேண்டும்.